தேவர்கள் படைத்தான்

அண்ணனை நான் 'அவன்' என்றுதான் எழுதப் போகிறேன். என்னைவிட ஆறு வயது மூத்தவன், அரசுப் பள்ளித் தமிழாசிரியன், தலை முழுக்க நரைத்தவன். மூத்தவரை இப்படியா எழுதுவது என்று முகம் சுளிக்கிறவர்கள் தாராளமாகச் சுளித்துக்கொள்ளட்டும். இந்த ஒரு 'ன்'னுக்காக ஏழு வருஷம் ஏங்கிக் கிடந்தவள் நான். யாருக்காகவும் அதை 'ர்' ஆக்குவதாக இல்லை.

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் எனக்கு ஒரு டிடிபி கடை இருக்கிறது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், அடிக்கடி தாளைக் கடித்துக்கொள்ளும் ஒரு ஜெராக்ஸ் மெஷின், அவ்வளவுதான். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, பள்ளிக்கூட வினாத்தாள் எல்லாம் அடித்துக் கொடுப்பேன். அந்தம்மா கடையில் அடித்தால் பிழை இருக்காது என்று ஊரில் எனக்கு ஒரு பெயர் உண்டு. காலமெல்லாம் கரும்பு வெட்டக் கூலிக்குப் போன ஒருவர் இறந்துபோயிருப்பார். 'காலமானான்' என்றே துண்டுச்சீட்டில் யாராவது எழுதி அனுப்பியிருப்பார்கள். நான் யாரையும் கேட்க மாட்டேன், 'காலமானார்' என்று அடித்துவிடுவேன். உயிரோடு இருந்தவரை ஊரே வாடா போடா என்று கூப்பிட்ட மனுஷர் என்பது எனக்கும் தெரியும். அச்சில் ஏறும்போதாவது அவருக்கு ஓர் 'ஆர்' கிடைக்கட்டும் என்பது என் பிடிவாதம்.

நல்ல பழக்கம்தான். அதுதான் எனக்கு அண்ணனை இல்லாமல் செய்தது.

அப்பா மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவர். அவரும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு, கள்ளக்குறிச்சியில் ஒரு வாடகை வீட்டில் நாங்கள் இருவரும் இருந்தோம். எனக்குக் கல்யாணம் கூடி வரவில்லை. தங்கச்சிக்கு முதலில் ஆகட்டும் என்று சொல்லிச் சொல்லியே அவனும் வயதைக் கடத்திவிட்டான். அவன் என்னைப் பாப்பா என்பான். நான் அவனை அண்ணா, வா, போ என்பேன். நாற்பது வயதிலும் நான் பாப்பாதான்.

கிறிஸ்தவக் குடும்பம் எங்களுடையது. அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு போன பழைய சபைக்கே நான் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தேன். அண்ணனுக்கு அது போதவில்லை. வேதத்தை அது முதலில் எழுதப்பட்ட மொழியிலேயே படிக்க வேண்டும் என்று அவனுக்கு ஒரு கிறுக்கு பிடித்தது. தபாலில் பாடம் வரவழைத்து எபிரேயம் கற்றுக்கொள்ள ஆரம்பித்தான். பழைய பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தில், வலமிருந்து இடமாக, கட்டம் கட்டமாக எழுதிப் பார்ப்பான். சோறு ஆறிப்போகும். நான் திட்டுவேன். அவன் காதில் விழாது.

ஒரு நாள் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு நேராகக் கடைக்கு வந்தான். சைக்கிளைக்கூட ஸ்டாண்டு போடவில்லை, சுவரில் சாய்த்துவிட்டு வந்தான். வேதத்தின் முதல் வரியில் கடவுளுக்கு என்ன சொல் இருக்கிறது தெரியுமா என்று கேட்டான். 'எலோகீம்' என்றான். கடைசியில் வரும் 'ஈம்' எபிரேயத்தில் பன்மை விகுதி, நம்முடைய 'கள்' போல. அப்படியே சொன்னால் 'தேவர்கள்' என்று ஆகும். ஆனால் அதோடு சேர்ந்து வரும் வினைச்சொல் ஒருமை, 'படைத்தான்'. பேர் பன்மை, வினை ஒருமை.

"நம்ம தமிழ்ல அப்படியே உல்டா பாப்பா. 'தேவன் படைத்தார்'னு பேர ஒருமைல வெச்சிட்டு, வினையில 'ஆர்' போடறோம். நாம வாலுல வெக்கிற மரியாதைய அவங்க தலையில வெச்சிருக்காங்க" என்றான்.

அவன் முகத்தில் அப்போது இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. தீபாவளி நெருக்கத்தில் ஜவுளிக்கடை நோட்டீஸ் அடித்துக்கொண்டிருந்த நேரம் அது. 'சரி, சரி, அப்புறம் பேசலாம்' என்று சொல்லிவிட்டேன்.

அப்புறம் நிறையப் பேசினோம். சாப்பிடும்போதெல்லாம் இதே பேச்சுதான். மனிதனை நம் சாயலில் உண்டாக்குவோம் என்று கடவுள் சொல்கிற இடம் ஒன்று முதல் அதிகாரத்தில் வருகிறது. அந்த 'நம்' யார் யார்? எங்கள் போதகர், பிதாவும் குமாரனும் ஆவியும் அங்கே மூவராகப் பேசிக்கொள்கிறார்கள் என்பார். யூதர்கள், சுற்றி நின்ற தூதர்களைப் பார்த்துக் கடவுள் சொன்னது என்பார்களாம். அண்ணனுக்கு இரண்டும் ஒப்பவில்லை. அரசன் ஒருத்தனாகச் சிம்மாசனத்தில் உட்கார்ந்துகொண்டு 'நாம் ஆணையிடுகிறோம்' என்பதில்லையா, அந்த மாதிரி என்பான். அடுத்த வரியைப் பார் என்பான். 'நம் சாயலில்' என்று சொன்னவன் அடுத்த வரியிலேயே 'தன் சாயலில்' படைத்துவிடுகிறான், அங்கே ஒருமைக்கு வந்துவிட்டான் பார் என்பான்.

எனக்கு எபிரேயம் தெரியாது. ஆனால் தமிழ் தெரியும். எபிரேயத்தில் நாமுக்கும் நாங்களுக்கும் ஒரே சொல்தான் என்று அவன்தான் சொல்லியிருந்தான். அப்படியானால் தமிழில் கொண்டுவந்தவர் உட்கார்ந்து யோசித்து ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். அவர் 'எங்கள்' என்று போடவில்லை. 'எங்கள்' என்றால் கேட்கிறவன் வாசலுக்கு வெளியே நிற்பான். 'நம்' என்றால் உள்ளே வந்துவிட்டான். எதிரில் ஒருவரும் இல்லாமல் யாராவது 'நம்ம' என்பார்களா என்று மடக்குவேன். அவன் சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிக்கொள்வான். எனக்கு அந்தச் சண்டை பிடித்திருந்தது. அவனுக்கும்தான்.

பிறகு அவன் பழைய சபைக்கு வருவதை நிறுத்தினான். கடவுள் ஒருவரே, மூவர் என்ற பேச்சே கூடாது என்கிற சின்னக் கூட்டம் ஒன்று ஒரு வீட்டு மாடியில் கூடிக்கொண்டிருந்தது. அங்கே போனான். எனக்கு வருத்தம்தான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரே அடுப்பில் காப்பி போட்டுக் குடித்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் போனோம்.

அந்தக் கூட்டத்தார் சின்னசேலத்தில் ஒரு மாநாடு நடத்தினார்கள். பன்மைச் சொல் வந்தாலும் கடவுள் ஒருவர்தான் என்பதை விளக்கி, அங்கே கொடுப்பதற்காக அண்ணன் ஒரு சிறுநூல் எழுதினான். இரண்டு மாதம் உட்கார்ந்து எழுதினான். எழுதி முடித்த நேரத்தில் விடைத்தாள் திருத்தும் வேலைக்கு விழுப்புரம் போக வேண்டி வந்தது. கையெழுத்துத் தாள்களை என் மேஜையில் வைத்து, அடித்து அச்சுக்கு அனுப்பிவிடு பாப்பா, உன் கண்ணைத் தாண்டி ஒரு பிழையும் போகாது, நான் வேறு எதற்குப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஏழாம் பக்கத்தில் அந்த வரி இருந்தது. 'தேவர்கள் படைத்தான்.'

அவசரத்தில் எழுதிவிட்டான் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். கடையில் வந்து சைக்கிளைச் சாய்த்துவிட்டு அவன் சொன்னது எதுவும் அந்த நேரத்தில் என் நினைவுக்கு வரவில்லை. அடிக்க உட்கார்ந்துவிட்டால் எனக்குக் கை மட்டும்தான் வேலை செய்யும். கடவுளைப் போய் 'படைத்தான்' என்று அடிப்பதா? 'தேவன் படைத்தார்' என்று மாற்றினேன். அடுத்த பக்கங்களிலும் சொன்னான், பார்த்தான், உண்டாக்கினான் என்று வந்துகொண்டே இருந்தது. தமிழாசிரியனுக்கு என்ன ஆயிற்று என்று முணுமுணுத்தபடி எல்லாவற்றையும் தேடித்தேடி 'ஆர்' ஆக்கினேன். 'தன்'னை எல்லாம் 'தம்' ஆக்கினேன். செய்து முடித்தபோது ஒரு நல்ல காரியம் செய்த திருப்தி இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

புத்தகக் கட்டு அச்சகத்திலிருந்து நேராகச் சின்னசேலத்துக்குப் போனது. அவனும் விழுப்புரத்திலிருந்து நேராக அங்கே போனான். மேடையில் ஏழாம் பக்கத்தைத் திறக்கச் சொன்னான். பேர் பன்மையில் இருப்பதையும் வினை ஒருமையில் இருப்பதையும் பாருங்கள் என்றான். எல்லாரும் பார்த்தார்கள். 'தேவன் படைத்தார்' என்று இருந்தது. முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து, ஐயா பன்மை என்று சொல்கிற இடத்தில் ஒருமை இருக்கிறது, ஒருமை என்று சொல்கிற இடத்தில் 'ஆர்' இருக்கிறது, ஐயாவுக்கு இலக்கணம் யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டாராம். மாநாடே சிரித்திருக்கிறது. பிறகு யாரோ, புத்தகத்தை எங்கே அடித்தீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். தங்கச்சி கடையில் என்றிருக்கிறான். தங்கச்சி அந்தப் பழைய சபைதானே என்றிருக்கிறார்கள். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லையாம்.

வீட்டுக்கு வந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நீங்க வேணும்னே செஞ்சீங்களா?" என்று கேட்டான்.

நீங்க. செஞ்சீங்களா. யாரிடம் பேசுகிறான் என்று ஒரு கணம் திரும்பிப் பார்த்தேன். வீட்டில் வேறு யாரும் இல்லை.

அந்த நேரத்தில் நான் அழுதிருக்கலாம். 'தெரியாமப் பண்ணிட்டேண்ணா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் அப்படிப்பட்டவள் இல்லை. சாமியை 'ன்' போட்டு அடிக்க என் கை வராது, அப்படி வேண்டுமென்றால் வேறு கடையைப் பார்த்துக்கொள் என்றேன். பிழை திருத்தினதற்கு யாராவது மன்னிப்பு கேட்பார்களா என்ற திமிர். அவன் தலையை ஆட்டினான். அடுத்த கல்வியாண்டிலேயே கல்வராயன் மலைக்கு மாறுதல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டான். மலைக்கு மாறுதல் போட்டால் அழுகிறவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். கேட்டுப் போன ஆள் இவன் ஒருத்தன்தான்.

வெள்ளிமலைக்கு அப்பால் ஓர் உண்டு உறைவிடப் பள்ளி. பஸ்ஸில் போனால் அரை நாள்கூட ஆகாது. ஆனாலும் நான் போகவில்லை, அவனும் வரவில்லை. கிறிஸ்துமஸுக்கும் புது வருஷத்துக்கும் வாட்ஸப்பில் செய்தி வரும். 'தங்களுக்கும் தங்கள் சபையாருக்கும் வாழ்த்துகள்.' தங்களுக்கு! திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இந்த மரியாதையை என்ன செய்வது என்று தெரியவில்லை. பன்மைக்கு இப்படி ஒரு கூர் இருக்கிறது என்று எந்த இலக்கணப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

இரண்டு பேருக்கு அரிசி போட்டுப் பழகிய கை குறைவதற்கு ரொம்ப நாள் ஆயிற்று. சாப்பிடும்போது மறுத்துப் பேச ஆள் இல்லாமல் நான் நினைப்பதே சரி என்று ஆகிவிட்டது, அது எனக்குப் பிடிக்கவே இல்லை. போனில் யாராவது வழி கேட்டால் 'நம்ம கடைக்கு வந்துடுங்க' என்று சொல்வேன். சொல்லிவிட்டு நாற்காலியைப் பார்ப்பேன். ஒருத்தியாக உட்கார்ந்துகொண்டு நானும் 'நம்ம' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். எதிரில் ஒருவரும் இல்லாமல் யாராவது அப்படிச் சொல்வார்களா என்று அவனை மடக்கியவள் நான். சொல்வார்கள் அண்ணா. யாராவது இருந்தால் தேவலை என்று இருந்தால் சொல்வார்கள்.

ஏழாவது வருஷம் ஒரு மலைக்காரப் பெண் சாதிச் சான்றிதழை ஜெராக்ஸ் எடுக்கக் கடைக்கு வந்தாள். தன் மகளைப் பன்னிரண்டாவது முடிக்க வைத்தது எங்கள் ஊர் வாத்தியார்தான் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மெஷின் வழக்கம்போலத் தாளைக் கடித்துக்கொண்டது. நான் அதை இழுத்துக்கொண்டிருந்தேன்.

"எங்க வாத்தி நல்லவன். என்னா, ராவும் பகலும் எதயோ கிறுக்கினே கெடப்பான். அதுவும் இந்தக் கோடியிலருந்து அந்தக் கோடிக்கு எழுதறான்" என்று சொல்லி, காற்றில் வலமிருந்து இடமாக விரலை இழுத்துக் காட்டினாள்.

தாளை விட்டுவிட்டேன். அவளிடம் எந்த மரியாதைக் குறைவும் இல்லை, மலைப் பேச்சில் பெரியவர்களும் 'அவன்'தான். அவன், இவன் என்று சொல்லும்போது அவள் குரலில் இருந்ததெல்லாம் பிரியம்தான். எனக்கோ வயிறு எரிந்தது. அந்த 'அவன்' என்னுடையது. ஏழு வருஷமாக நான் வாயில் எடுக்க முடியாத சொல்லை இவள் கடைக்கு வந்து ஜெராக்ஸுக்கு நடுவில் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறாள்.

அன்றைக்கு மதியமே கடையைச் சாத்திவிட்டு வீட்டில் பரண்மேல் இருந்த அவனுடைய கையெழுத்துத் தாள்களை எடுத்தேன். ஏழாம் பக்கத்தைப் படித்தேன். இந்த முறை கையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணால் மட்டும் படித்தேன். அவன் சொல்ல வந்தது பளிச்சென்று விளங்கியது. பார்த்ததும் இது பிழை என்று தோன்ற வேண்டும், தோன்றிய பிறகு ஏன் என்று கேட்க வேண்டும், அதற்காகத்தான் அவன் அந்த வரியை அப்படி வைத்திருந்தான். தாளைத் திருப்பினேன். பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதியிருந்தது.

'பாப்பா, இது பிழை இல்ல. மாத்தாம அப்படியே அடி.'

வலமிருந்து புரட்டிப் படித்துப் பழகியவனுக்கு அதுதான் முன்பக்கம். எனக்கு அது பின்பக்கம். நான் திருப்பியே பார்க்கவில்லை. இதைப் படித்துவிட்டுத்தான் மாற்றினேன் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். தாளை வைத்துக்கொண்டு பரணுக்குக் கீழேயே உட்கார்ந்து அழுதேன். 'அடி' என்ற அந்தச் சொல்லுக்காகத்தான் ரொம்ப அழுதேன்.

முழுவதையும் மறுபடி அடித்தேன். 'தேவர்கள் படைத்தான்' என்ற இடத்தில் விரல் நின்றது. பிறகு அடித்தது. ஒரே ஒரு பிரதி எடுத்து, அந்தப் பென்சில் தாளையும் உள்ளே செருகிக்கொண்டு, அடுத்த சனிக்கிழமை வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினேன். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி, வண்டி மலையேற ஆரம்பித்ததிலிருந்து என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். ஒவ்வொரு வளைவிலும் ஒரு வாக்கியம் மறந்துபோனது.

பள்ளி வராந்தாவில் மரவள்ளிக்கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தான். இளைத்திருந்தான். எழுந்து, வாங்க என்றான். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா என்று 'ங்க' போட்டே விசாரித்தான். நான் பிரதியை நீட்டினேன். பென்சில் தாள் வெளியே தெரிந்தது.

"நான் பின்பக்கம் பாக்கவே இல்லண்ணா" என்றேன். ஒத்திகை பார்த்ததில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

அவன் அந்தத் தாளைப் பார்த்தான். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தான். நான் கிழங்கை எடுத்து மீதித் தோலை உரித்தேன். ஏழாம் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றான். எட்டு. ஒன்பது. பேனா ஓர் இடத்தில் சுழித்தது.

"ஒம்போதாம் பக்கத்துல ஒரு 'தம்' உட்டுட்ட பாரு. 'தன்'னு இருக்கணும். இன்னா பாப்பா நீ, கண்ணு எங்க வெச்சிக்கினு அடிக்கிற?"

உட்டுட்ட. நீ. அடிக்கிற. கிழங்கைக் கீழே வைத்துவிட்டேன். அவன் தலையை நிமிர்த்தவில்லை. அவனும் அழுதானா என்று எனக்குத் தெரியாது, தாளுக்குப் பின்னால் முகம் இருந்தது. 'நம் சாயலில்' என்று சொன்னவன் 'தம் சாயலில்' படைத்தான் என்று அந்த ஓர் இடத்தில் மட்டும் கைப்பழக்கத்தில் பழைய மரியாதை விழுந்துவிட்டிருந்தது. நான் கவனிக்காமல் விட்டதுதான்.

அவன் மலையிலேயே இருக்கிறான். பிள்ளைகளை விட்டுவிட்டு வர முடியாது என்கிறான். இருக்கட்டும். வீட்டில் இன்னும் நான் ஒருத்தியாகத்தான் சாப்பிடுகிறேன், போனில் இன்னும் நம்ம கடை என்றுதான் சொல்கிறேன். அன்றைக்கு பஸ் ஏற்றிவிடும்போது, திருத்தி எடுத்துக்கினு வா என்றான். வா என்றான்.

வந்ததும் ஒன்பதாம் பக்கத்தைச் சரி செய்தேன். அடுத்த சனிக்கிழமைக்குப் புதுப் பிரதி தயாராக இருக்கிறது. பதினோராம் பக்கத்தில், ஐந்தாவது வரியில், ஒழுங்காக இருந்த ஒரு 'தன்'னை 'தம்' ஆக்கி வைத்திருக்கிறேன். இந்த முறை வேண்டுமென்றேதான் செய்தேன்.